நிற்க இடம்: திருகோணமலை நகரத்துத் தேவாலயங்களைப் படமெடுக்கும் செய்முறை

நகரத்துக்குள் ஒரு தேவாலயத்தைப் படமெடுக்கப் போனால் முதல் கேள்வி எந்தக் கமரா என்பதல்ல, எங்கே நிற்பது என்பதுதான். எதிரே மூன்று மாடிக் கடை, பக்கத்தில் தொலைபேசிக் கோபுரம், வாசலில் ஓட்டோ தரிப்பு, தலைக்கு மேலே வயர். முகப்பு உச்சிச் சிலுவை வரை சட்டத்துக்குள் வரவேண்டும், சுவர்களும் நேராக நிற்கவேண்டும் என்றால் பின்னால் போக இடம் வேண்டும். அந்த இடம்தான் இல்லை.

எவ்வளவு இடம் தேவை என்று வீட்டிலிருந்தே கணக்குப் போடலாம். கமராவை நெட்டுவாக்கில் நிமிர்த்திப் பிடித்து, மேலே சாய்க்காமல் தரைக்குச் சமாந்தரமாக வைத்தால் கண் மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரம் தெரியும் என்பதற்கு ஒரு விகிதம் உண்டு. பெரிய உணரியுள்ள முழுச்சட்டக் கமராவில் 24 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால், தூரத்தின் 0.75 பங்கு. அதோடு கமராவின் உயரம் 1.6 மீற்றரைக் கூட்ட வேண்டும். அதைவிடச் சிறிய உணரியுள்ள ஏபிஎஸ்-சி கமராவோடு வரும் லென்ஸின் 18 மில்லிமீற்றர் முனையில் 0.65 பங்கு. கைத்தொலைபேசியின் வழமையான கமராவில் ஏறத்தாழ 0.66, அதன் அகலக் கமராவில் 1.3.

முகப்பு 16 மீற்றர் உயரம், முற்றமும் வீதியும் சேர்ந்து 14 மீற்றர் தூரம் என்று வைப்போம். 24 மில்லிமீற்றர் லென்ஸுக்குத் தெரிவது 14 × 0.75 + 1.6, அதாவது 12.1 மீற்றர். சிலுவையோடு சேர்த்து மேலே ஏறத்தாழ நான்கு மீற்றர் வெளியே போய்விடும். ஏபிஎஸ்-சி கமராவில் 10 மில்லிமீற்றர் அகல லென்ஸ் போட்டால் 18 மீற்றர் வரை வரும். ஆனால் சட்டத்தின் கீழ்ப்பாதி முழுக்க வீதித் தாராகத்தான் இருக்கும், வெட்டி எறிய வேண்டியதுதான். 12 மில்லிமீற்றர் மேலே நகர்த்தக்கூடிய ஷிஃப்ட் லென்ஸ் இருந்தால் அதே 24 மில்லிமீற்றரில் விகிதம் 1.25 ஆகிவிடும், 11.5 மீற்றர் தூரத்திலிருந்தே முழு முகப்பும் நேராக நிற்கும். அந்த லென்ஸின் விலையைக் கேட்டால் நாங்கள்தான் நேராக நிற்கமாட்டோம்.

உயரம் தெரியாவிட்டால் நிழலால் அளக்கலாம். முற்றத்தில் 1 மீற்றர் தடியை நிறுத்தி அதன் நிழலை அளவு நாடாவால் அளக்கவும். அதே நிமிடத்தில் சிலுவை நுனியின் நிழல் விழுந்த இடத்திலிருந்து சுவரின் அடி வரை அளந்து, தடியின் நிழலால் வகுக்கவும். முகப்புச் சுவருக்கு நேர் மேலேயே சிலுவை நின்றால்தான் இது சரிவரும். கோபுரம் உள்ளே தள்ளி இருந்தால் அந்தத் தூரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பணமில்லாமல் இடம் வாங்க ஒரே வழி உயரம். கமராவை ஒரு மீற்றர் உயர்த்தினால் சட்டத்தின் மேல் விளிம்பும் ஒரு மீற்றர் உயரும். எதிர்க்கடையின் முதல் மாடி பல்கனியில் கமரா வீதியிலிருந்து 4 மீற்றர் உயரத்தில் நின்றால், 12.1 இருந்தது 14.5 ஆகும். மீதி ஒன்றரை மீற்றரை மெல்லச் சாய்த்து எடுத்துப் பின்னால் திருத்தலாம். இரண்டாம் மாடி கிடைத்தால் சாய்க்கவே தேவையில்லை. கடை முதலாளியிடம் “ஐயா, மேல் மாடியில் ஒரு இருபது நிமிஷம் நின்று கோயிலை எடுக்கலாமா” என்று முதல் நாளே கேட்டு வைப்பது நல்லது. வியாபார நேரத்தில் போய்க் கேட்டால் இல்லை என்பதுதான் பதில், அதில் அவர் மேல் பிழையும் இல்லை.

சுவருக்கு வண்ணம் பூசும் நீட்டுக் கம்பில் கமராவைக் கட்டி உயர்த்துவதைப் பலர் செய்கிறார்கள். வீதியோரத்தில் அதைச் செய்யவே கூடாது. கம்பு அலுமினியம், மேலே போவது 230 வோல்ட் உள்ள மூடாத மின்கம்பி, உப்புக் காற்றில் எல்லாமே ஈரம். கோயில் முற்றத்துக்குள், வயரிலிருந்து கம்பின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நின்றால் மட்டுமே செய்யலாம். ட்ரோன் என்றால் அனுமதி இல்லாமல் எழுப்ப நினைக்கவே வேண்டாம். கடற்படைத் தளம், கோட்டைக்குள் இராணுவம், சீனக்குடாவில் விமானப்படை என்று சுற்றிவரப் பாதுகாப்பு வலயம் உள்ள ஊர் இது.

வயரைப் பற்றி இன்னொன்று. மின்கம்ப வரிசை அநேகமாக வீதியின் ஒரு பக்கமாகத்தான் ஓடும். அது கோயில் பக்கமாக இருந்தால் வீதியில் நின்று எடுக்கும் எந்தப் படத்திலும் முகப்புக்குக் குறுக்கே நான்கைந்து கோடு விழும். மதிலுக்கு உள்ளே வந்து, வயருக்கும் முகப்புக்கும் நடுவில் நின்றால் கோடு போய்விடும், ஆனால் தூரம் பாதியாகிவிடும். அப்போது ஒரே படத்தில் எடுக்காமல் அடுக்கி எடுக்க வேண்டும். முக்காலியில் கமராவை வைத்து, கீழ், நடு, மேல் என்று மூன்று படங்கள், ஒன்றுக்கொன்று மூன்றில் ஒரு பங்கு மேற்படிய. வெளிப்பாடு, குவியம், வெள்ளைச் சமநிலை (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பக் கமரா செய்யும் நிறத் திருத்தம்) மூன்றையும் கையால் பூட்டிவிட வேண்டும். தானியங்கியில் விட்டால் மேல் படம் வானத்தைப் பார்த்து இருண்டு, ஒட்டிய இடத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். பக்கத்தில் தொங்கும் மரக்கிளையோ கொடிக்கம்பமோ சட்டத்தில் இருந்தால் ஒட்டும்போது அது இரண்டாக முறியும். லென்ஸ் முக்காலியின் அச்சுக்கு மேல் வராமல் முன்னால் தள்ளி இருப்பதுதான் காரணம். கமராவை ஐந்தாறு சென்ரிமீற்றர் பின்னுக்கு இழுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வயரை மென்பொருளால் அழிப்பது வேறு கதை. வானத்துக்குக் குறுக்கே போவதை அழிக்கலாம். ஆனால் தூண் தலையின் சுதை வேலைக்குக் குறுக்கே போவதை அழித்தால், அந்த இடத்தில் மென்பொருள் தன் பாட்டில் ஒரு பூவை வரைந்து வைக்கும். கட்டடப் பதிவுக்கு எடுக்கும் படத்தில் அது பொய். வயரோடு விடுவதே மேல்.

அடுத்தது வெளிச்சம். திருகோணமலை வட அகலாங்கு 8.57 பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்புக்கு ஓரிரு நாள் முன்னதாக நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நண்பகலில் அது வடக்குப் பக்கமாக நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. யூனில் வடக்கே 75 பாகை உயரம், டிசெம்பரில் தெற்கே 58 பாகை. இதனால் வடக்குப் பார்த்த சுவர் ஒன்றை வெயிலில் எடுக்க வேண்டுமானால் அந்த நாலரை மாதம்தான் கணக்கு. ஒக்ரோபரில் வந்து வடக்குச் சுவருக்குக் காத்திருந்தால் நாள் முழுக்க நிழல்தான். முதலில் திசைமானியால் முகப்பின் திசையைக் குறித்துக்கொண்ட பிறகே நாளைத் தீர்மானிக்க வேண்டும்.

மேற்குப் பார்த்த முகப்பை உதாரணமாக எடுப்போம். மாலை 4 மணிக்குச் சூரிய உயரம் யூனில் 32 பாகை, டிசெம்பரில் 24 பாகை. யூனில் அது மேற்கிலிருந்து 22 பாகை வடக்கே தள்ளி நிற்கும், டிசெம்பரில் 30 பாகை தெற்கே. ஆகவே ஒரே தூணின் நிழல் யூனில் ஒரு பக்கமும் டிசெம்பரில் மறுபக்கமும் விழும். இப்படிச் சாய்ந்து வரும் வெளிச்சத்தில்தான் வளைவும் சுதையும் புடைத்துத் தெரியும். வெயில் நேர் முன்னால் விழுந்தால் எல்லாம் தட்டையாகி, சுவரில் ஒட்டிய கடதாசி மாதிரி ஆகிவிடும்.

இதோடு எதிர்க்கட்டடத்தின் நிழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாலைப் பொன்வெயிலை நம்பி வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான். 14 மீற்றர் எதிரே 10 மீற்றர் உயரக் கடை இருந்தால், யூனில் 4 மணிக்கு அதன் நிழல் முகப்பின் அடியைத் தொடும். 5 மணிக்கு ஏறத்தாழ 5 மீற்றர் ஏறி வாசலை முழுக்க விழுங்கிவிடும். மேலே சிலுவை மஞ்சளாக எரியும், கீழே கதவு கறுப்பு. நகரத்தில் மேற்கு முகப்புக்கு நல்ல நேரம் மூன்றேகாலிலிருந்து நான்கு. அதைத் தவறவிட்டால் வீட்டுக்குப் போகலாம், அல்லது சூரியன் மறையும் வரை இருந்து வேறு படம் எடுக்கலாம்.

அந்த வேறு படம் சுலபமானது. மறைந்த பிறகு பத்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடம் வரைதான் வானத்தில் நீலம் இருக்கும், இந்த அகலாங்கில் அந்தி சட்டென்று முடிந்துவிடும். யூனில் 6.25 அளவில் மறையும், டிசெம்பரில் 5.50 அளவில். உள்ளே விளக்குகளைப் போட்டுவிடச் சொல்லி, உணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 8, திறப்பு நேரம் 2 செக்கனிலிருந்து 8 செக்கன் வரை படிப்படியாகக் கூட்டி எடுக்கவும். ஊருக்குள் திரியும் புள்ளிமான் ஒன்று முற்றத்துக்குள் வந்து மேய ஆரம்பித்தால் படத்தில் நாலு கால் உள்ள புகையாக வரும். துரத்தாமல் ஒரு செக்கன் திறப்புக்கு மாறி, அது தலையைத் தூக்கும் வரை காத்திருந்தால் இந்த ஊரில் மட்டுமே கிடைக்கக்கூடிய படம் ஒன்று கிடைக்கும்.

1852 ஆம் ஆண்டுக் கட்டடமான புனித மரியாள் பேராலயத்துக்குத் தனிக் குறிப்பு வேண்டும். பெயர்போனது அதன் வானநீல முகப்பு, ஆனால் பின்பக்கம் ஓட்டுக்கூரையும் கோபுரமுமாக வேறொரு கட்டடம் போலவே இருக்கும். வருபவர்களில் பலர் முன்பக்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள். பின்பக்கத்தை எடுக்காத பதிவு அரைப் பதிவு.

நீலச் சுவர் கமராவை இரண்டு விதமாக ஏமாற்றும். தானியங்கி வெள்ளைச் சமநிலை சட்டம் முழுக்க நீலத்தைக் கண்டு, அதைக் குறைக்கவென்று மஞ்சளைச் சேர்க்கும். சுவர் சாம்பலாகும், வெள்ளை விளிம்புகள் பழுப்பாகும். வெயிலில் வெள்ளைச் சமநிலையை 5300 கெல்வின் என்று கையால் வைத்துவிட்டு, ஒரே ஒரு படத்தில் சாம்பல் அட்டையைச் சுவரோடு சாய்த்து எடுத்து வைத்தால் பிறகு சண்டையில்லை. நிழலில் சுவர் இருந்தால் 7000க்கு மேல் போக வேண்டும். இரண்டாவது, நீல வானத்துக்கு முன்னால் நீலச் சுவரின் விளிம்பு கரைந்துவிடும். துருவ வடிகட்டி போட்டால் வானம் கறுத்துச் சுவர் பிரியும். ஆனால் அகல லென்ஸில் வானத்தின் ஒரு மூலை மட்டும் கறுத்து மற்ற மூலை வெளிறி நிற்கும். அதற்கு வெள்ளை மேகம் உள்ள நாளைத் தேர்ந்தெடுப்பதே நல்ல வைத்தியம். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கோயில் என்றால் கமராவின் ஒளிமானி அதைச் சாம்பலாக்கும். வெளிப்பாட்டை மூன்றில் இரண்டு ஸ்டொப்பிலிருந்து ஒன்று வரை கூட்டி (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு), வெளிச்சப் பரம்பலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபு வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேராக நிற்பதற்கு ஒரு சோதனை உண்டு. உச்சிச் சிலுவையும் பெருங்கதவின் நடுக் கோடும் படிக்கட்டின் நடுவும் ஒரே வரியில் விழும் இடத்தைக் காலால் தேடிக்கொள்ளவும். பிறகு திரையில் படிக்கட்டின் கீழ்க்கோட்டைப் பார்க்கவும். நீர்மட்டம் சரியாக இருந்தும் அந்தக் கோடு ஒரு பக்கம் சரிந்தால் கமரா இடமோ வலமோ திரும்பி நிற்கிறது என்று அர்த்தம். கமராவைச் சரித்து அதை நிமிர்த்தக் கூடாது, திருப்பித்தான் நிமிர்த்த வேண்டும். சரித்து நிமிர்த்தினால் கீழே கோடு சரியாகி மேலே கோபுரம் சாயும். முக்காலியின் ஒரு கால் தாரிலும் மற்றது மணலிலும் நின்றால் பத்து நிமிடத்தில் மணலில் நின்ற கால் இறங்கிவிடும். அதற்குக் கீழே ஒரு ஓட்டுத் துண்டு வைக்கவும்.

மனிதரையும் வாகனத்தையும் அகற்ற, முக்காலியை அசைக்காமல் 20 செக்கன் இடைவெளியில் 15 படம் எடுத்து, மென்பொருளில் இடைநிலை முறையில் சேர்க்கலாம். பாதிக்கு மேற்பட்ட படங்களில் ஒரே இடத்தில் நின்றது எதுவோ அது மட்டும் மிஞ்சும். நிறுத்தி வைத்த ஓட்டோ மிஞ்சும் என்பதும் அதே விதிதான். சாரதியிடம் கேட்டால் தள்ளித் தருவார். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தால் 1.30க்கு விடும் நேரத்தில் இதை முயலவே வேண்டாம்.

உள்ளே எடுப்பதற்கு அனுமதி முன்கூட்டியே வேண்டும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பெரிய பையோடு கோயிலுக்குள் நுழைபவரைச் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு. பங்குத்தந்தைக்கு ஒரு பக்கக் கடிதம்: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்தப் பகுதி, படம் எதற்கு, கூட எத்தனை பேர், அடையாள அட்டைப் பிரதி. திருப்பலி நேரத்தில் வேண்டாம். பீடத்தருகே போக வேண்டுமானால் அதையும் கடிதத்தில் கேட்கவும். நற்கருணைப் பேழைக்கு முன்னால் முக்காலியை விரித்து வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்பது அழகல்ல. செருப்பு, தொப்பி பற்றிச் சொல்லத் தேவையில்லை. முக்காலிக் கால்களில் ரப்பர் தேய்ந்திருந்தால் பழைய காலுறையைப் போட்டுக்கொண்டால் தரை கீறாது.

உள்ளே நடுக்கூடம் இருட்டு, யன்னல் வெயில். ஒரே படத்தில் இரண்டும் வராது. ஐஎஸ்ஓ 100, எஃப் 8 வைத்து, 1/50, 1/13, 0.3, 1.3, 5 செக்கன் என்று இரண்டு ஸ்டொப் இடைவெளியில் ஐந்து படம் எடுத்து, பிறகு மென்பொருளில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். 1/50இல் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். அதைவிட வேகமாகப் போனால், அதுவும் சத்தமில்லாத மின்னணு ஷட்டரில், மலிவான எல்ஈடி விளக்கின் கீழே சுவரில் கிடைக்கோடாகப் பட்டை விழும்.

நிறம் இதைவிடத் தொல்லை. யன்னலால் வருவது பகல் வெளிச்சம், கூரையில் குளிர் வெள்ளை எல்ஈடி, பீடத்தில் மஞ்சள் பல்பு, பழைய கூடத்தில் இன்னும் ஒரு குழல்விளக்கு பச்சையாக. மென்பொருளால் நான்கையும் சமன் செய்ய முடியாது. எல்லா விளக்கையும் அணைத்து பகல் வெளிச்சத்தில் ஒரு தொகுதி, பிறகு பீட விளக்கு மட்டும் போட்டு ஒரு தொகுதி என்று எடுத்து, பீடத்தை மட்டும் இரண்டாவதிலிருந்து சேர்ப்பதுதான் சுத்தமான வழி.

விசிறியை எல்லோரும் மறப்பார்கள். 5 செக்கன் திறப்பில் விசிறி இதழ் கரைந்து போவது பரவாயில்லை. விசிறிக் காற்றில் தொங்குவிளக்கு மெல்ல ஆடும், கண்ணுக்குத் தெரியாது. ஐந்து படத்தையும் சேர்த்தால் அந்த விளக்கைச் சுற்றி மட்டும் இரட்டை விளிம்பு வரும். விசிறியை நிறுத்தி மூன்று நிமிடம் பொறுத்த பிறகு எடுக்கவும்.

நிறக்கண்ணாடி யன்னலைத் தனியாக எடுக்க வேண்டும். நேர் வெயில் விழும் நேரத்தில் வெளியே உள்ள இரும்புக் கம்பிவலையின் நிழல் புனிதரின் முகத்துக்குக் குறுக்கே கட்டமாக விழும். வலை கண்ணாடியை ஒட்டியே இருப்பதால் லென்ஸை எவ்வளவு திறந்தாலும் மங்காது. வெளியே இரண்டு பேர் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைக் கண்ணாடியிலிருந்து அரை மீற்றர் தள்ளி விரித்துப் பிடித்தால் பின்னால் உள்ள மரமும் மதிலும் மறைந்து, நிறம் ஒரே சீராக ஒளிரும். வலையின் கோடு மெல்லியதாக மிஞ்சும், அது உண்மையிலேயே இருப்பதுதானே.

கல்லறைக் கல்லில் எழுத்து வாசிக்கும்படி எடுப்பதும் இதே ஊரில் வரும் வேலை. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின், 1852இல் பர்மாவில் இறந்து திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டவர். அக்காலத்துக் கற்களில் எழுத்து தேய்ந்திருக்கும். கல்லைக் குடையால் நிழலாக்கிவிட்டு, ஒரு கைக்கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில், கல்லை உரசுவதுபோலத் திருப்பினால் நிழலில் எழுத்து எழும். சுண்ணாம்போ மாவோ பூசி எழுத்தை வெளிக்கொண்டுவருவது கல்லைக் கெடுக்கும்.

கடலோர ஊர் என்பதால் லென்ஸுக்கு இரண்டு எதிரி. குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியவுடன் கண்ணாடி பனிக்கும். பையை மூடியபடியே 20 நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் திறக்கவும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் தூசியும், வாடை என்ற வடகிழக்குக் காற்று வீசினால் உப்புத் திவலையும் ஒட்டும். உப்பு காய்ந்தால் பளிங்குத் துகள், காய்ந்த துணியால் தேய்த்தால் பூச்சு கீறும். முதலில் ஊதுபந்து, பிறகு இலேசாக நனைத்த நுண்ணிழைத் துணி. வேலை முடிந்தால் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில். நவம்பர் மழையில் அலுமாரிக்குள் வைத்த லென்ஸில் பூஞ்சணம் பிடிக்க ஒரு மாதம் போதும்.

திருத்தும்போது வரிசை முக்கியம். முதலில் லென்ஸின் வளைவுத் திருத்தம், அதற்குப் பிறகே சாய்வுத் திருத்தம். மாற்றிச் செய்தால் தூண்கள் நடுவில் வயிறு தள்ளி நிற்கும். நிறையச் சாய்த்து எடுத்த படத்தை முழுக்க நிமிர்த்தினால் கோபுரம் மேலே அகன்று தலை பெருத்ததுபோல் தோன்றும். அப்படிப்பட்ட படத்தில் பத்தில் ஒரு பங்கு சாய்வை விட்டுவைப்பதே கண்ணுக்குச் சரி. நிமிர்த்திய படம் உயர வாக்கில் இழுபட்டும் இருக்கும். இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. அங்கே நிற்கும்போதே பெருங்கதவை அளவு நாடாவால் அளந்து வைக்கவும். 1.8 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம் என்றால் விகிதம் 1.67. திருத்திய படத்தில் அதே கதவு 1.8 என்று வந்தால் உயரத்தை அந்த அளவுக்குச் சுருக்க வேண்டும். கீழ்ச்சுவரில் கறுத்த பாசி, உப்பில் உரிந்த பூச்சு எல்லாவற்றையும் அப்படியே விடவும். அடுத்த முறை பூச்சு வேலைக்கு ஆள் வரும்போது அவர்கள் முதலில் கேட்கப்போவது அந்தப் பகுதியைத்தான்.

கோப்புப் பெயரில் நாள், நேரம், சுவர் பார்க்கும் திசை. கூடவே ஒரு தாளில், நின்ற இடம்: முக்காலியின் நடுவிலிருந்து கதவுப்படி வரை எத்தனை மீற்றர், எந்த மின்கம்பத்திலிருந்து எத்தனை மீற்றர், லென்ஸ் தரையிலிருந்து எவ்வளவு உயரம். யூனில் எடுத்த முகப்பை டிசெம்பரில் மறுபக்க வெளிச்சத்தில் எடுக்க வரும்போது, அந்த மூன்று எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நாடாவைப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் அதே இடத்தில் நிற்கலாம்.